ஞாயிற்றுக்கிழமை உலை

எனக்குக் கை சும்மா இருக்காது. பேப்பர் கிடைத்தால் கிழிப்பேன், கம்பி கிடைத்தால் வளைப்பேன். "அந்தக் கையக் கொஞ்சம் எரவல் குடுங்க, வீட்டுல தேய்க்கிறதுக்குப் பாத்திரம் கிடக்கு" என்பாள் என் மனைவி. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற சின்ன அச்சாபீஸ் என்னுடையது. தீபாவளி முடிந்ததும் மெஷின் கொஞ்ச நாள் உறங்கும். எனக்குத்தான் உறக்கம் வராது. அப்படி ஒரு சமயத்தில், போனில் யாரோ ஒரு ஆள் பழுத்த இரும்பைத் தட்டித் தட்டி வேப்பிலை மாதிரி ஆக்குவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

பழைய இரும்புக் கடைக்குப் போய் லாரி பிரேக் டிரம் ஒன்று, கையால் சுற்றுகிற ஊதுகாற்றாடி ஒன்று, வைத்து அடிப்பதற்குக் கனத்த இரும்புக் கட்டை ஒன்று, நீளமான குறடு ஒன்று எல்லாம் எடுத்து வைத்தேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, இனிமே லேபிள இரும்புலயா அடிக்கப் போறீக?" என்றார்.

உலையை எங்கே வைப்பது? அச்சாபீஸ் முழுக்கத் தாள். வீட்டில் மனைவி. மிச்சம் இருந்தது ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக் கரிசல் காடு. அங்கே மோட்டார் ரூமுக்கு முன்னால் சிமெண்டுத் தளம் உண்டு. வேலிக்கருவைக் கரி ஒரு மூட்டை வாங்கிப் போட்டு, வேலை இல்லாத நாளெல்லாம் போய்க் காற்றாடியைச் சுற்றினேன். இரும்பு சிவந்து வெளியே வந்தால் நாலஞ்சு அடிதான் கேட்கும். அதற்குள் கறுத்து முரண்டு பிடிக்கும். எனக்கோ அது சிவக்கும் வரை பொறுமை கிடையாது. பாதியில் உருவி அடிப்பேன், அது வெடிக்கும், தூக்கி எறிவேன், அடுத்ததை வைப்பேன்.

லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றில் கத்தி மாதிரி ஏதோ ஒன்று வந்த அன்றைக்குத்தான் வினை. சூட்டோடு எண்ணெயில் முக்கினால் இரும்பு கெட்டிப்படும் என்று போனில் பார்த்திருந்தேன். டூவீலர் பட்டறையில் வாங்கிய பழைய இன்ஜின் ஆயில் தகரத்தில் தயாராக இருந்தது. குறடு வழுக்கி, பழுத்த இரும்பு தளத்தில் விழுந்தது. சூடு தாங்காமல் சிமெண்டு 'டொப்'பென்று வெடித்தது. பதறிப்போய் அதை எடுத்து ஆயிலில் போட்டேன். ஆயில் பற்றிக்கொண்டது. கையில் கிடைத்த சாக்கைப் போட்டு அமுக்கினேன். தீ அடங்கிக் கன்னங்கரேல் என்று புகை எழுந்தது. பனை உயரம், அதற்கும் மேலே.

எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் "என்ன சத்தம்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்பார்கள். தோசை ஊற்றுகிறவர், ஆடு மேய்க்கிறவர், பஸ்ஸில் போகிறவர், எல்லார் கண்ணும் வானத்தில் புகையைத் தேடும். என் காட்டுக்குத் தெற்கே, ஓடையைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. ஊருக்குள் நின்று பார்த்தால் என் மோட்டார் ரூமும் அந்தக் கம்பெனியும் ஒரே நேர்கோடு. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். புத்தியில் ஏறாமல் இருந்த விஷயம்.

முதலில் பைக்குகள் என்னைத் தாண்டிக் கம்பெனிப் பக்கம் பறந்தன. பிறகு பருத்திக்குள் விழுந்தடித்துக்கொண்டு பக்கத்துக் காட்டு அக்கா ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை.

"எம்பொண்ணு உள்ள இருக்கா அண்ணாச்சி! எந்த ரூமு? எந்த ரூமு?"

போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவார்கள். நான் ஆயில் தகரத்தைக் கை காட்டினேன். அக்கா தகரத்தைப் பார்த்தார், கரி அப்பிய என் மூஞ்சியைப் பார்த்தார், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கதானா... வெளங்குவீகளா நீங்க? லேபிளு அடிக்கிற கைக்குச் சுத்தியல் கேக்குதோ?"

திரும்பி வந்த பைக்குக்காரன் ஒருவன், "ஏலே, அண்ணாச்சி தீபாவளிய முன்னாடியே ஆரம்பிச்சுட்டாகலே" என்றான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உலையைத் தூக்கிவிடச் சொல்லி ஊரில் சொல்லிவிட்டார்கள். மனைவி அதைச் சொல்லாமலே சொன்னாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் முன்னால் நின்றாலும் விரல் தானாகத் தாளம் போட்டது. கடைசியில் அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டேன்: ஆயில் தொட மாட்டேன், சும்மா கொக்கி, ஆணி அடிப்பேன், கம்பெனி லீவு நாளில் மட்டும் மூட்டிக்கொள்ளவா?

அக்கா யோசித்தார். "ஞாயித்துக்கிழமன்னா எம்பொண்ணு எங்கண்ணு முன்னால துணி தொவைச்சுக்கிட்டிருப்பா. அன்னைக்கு நீங்க காட்டையே கொளுத்துங்க, நான் திரும்பிப் பாத்தாக் கேளுங்க" என்றார். ஊருக்கும் அவரே சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

அப்படித்தான் என் உலை ஞாயிற்றுக்கிழமை உலை ஆனது. ஆறு நாள் துடித்துக் கிடந்து ஏழாம் நாள் விடிந்ததும் ஓடினேன். கொக்கிகள் கொக்கி மாதிரி வர ஆரம்பித்தன. ஒரு ஞாயிறு அம்மாவோடு பருத்தி எடுக்க வந்த அக்காவின் பெண்ணே உலையைப் பார்க்க வந்தாள். நான் அடித்த அடியில் பொறி சிதறியது. அவள் சட்டென்று நாலு எட்டுப் பின்னால் போய்விட்டாள். தன் கால் செய்த வேலைக்குத் தானே சிரித்தாள்.

"பொறி பறக்கும்னு எங்க கம்பெனில இரும்பக் கண்ணுலயே காட்ட மாட்டாக அண்ணாச்சி. பித்தளை, கட்டை, அம்புட்டுதான். ஒரு அடி அடிச்சுப் பாக்கட்டா?"

சுத்தியலைக் கொடுத்தேன். முதல் அடி தொட்டுப் பார்ப்பது மாதிரி. அடுத்த அடியில் இரும்பு நெளிந்தது. பொறி பறந்தது, இந்தத் தடவை கால் நகரவில்லை. இரும்பு கறுத்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள். "போதும்டி, கை நோகும்" என்று அக்காதான் இழுத்துக்கொண்டு போனார்.

ஆடி பிறந்ததும் சீசன் சூடு பிடித்தது. வடக்கே லோடு போக வேண்டிய அவசரம். அந்தப் பெண்தான் வழியில் பார்த்துச் சொன்னாள்: "அண்ணாச்சி, இனிமே ஞாயித்துக்கிழமையும் எங்கள வேலைக்கு ஏத்திட்டுப் போகக் கம்பெனி வண்டி வருதாம்." அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அந்த ஆர்டருக்கு லேபிள் அடிப்பது என் மெஷின்தான்.

இருந்தாலும் அந்த ஞாயிறு கால் காட்டுக்குத்தான் போனது. அக்கா பருத்திச் செடிக்குள் நின்றார். என்னைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னார்: "வேணும்னா மூட்டிக்கங்க அண்ணாச்சி. புகை உங்களுதுன்னு ஊருக்குள்ள சொல்லி வைக்கிறேன்."

டிரம்மில் கரியைக் கொட்டினேன். தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியை உரசப் போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். சொன்ன வாய் மூடவில்லை, அக்காவின் முகம் அதற்குள் ஓடைப் பக்கம் திரும்பிவிட்டது. கை பருத்தியில் இருந்தது. கண் கம்பெனியில் இருந்தது.

குச்சியைப் பெட்டிக்குள் போட்டேன். அரம் ஒன்றை எடுத்து, போன வாரக் கொக்கியின் முனையைச் சூடு காட்டாமலே அராவத் தொடங்கினேன். ஆறிய இரும்பு எளிதில் கரையாது. வெயில் உச்சிக்கு ஏறியது. தோள் கழன்றுவிடும் போல வலித்தது. விரல் மட்டும் இன்னும் சுத்தியலைக் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, மூட்டலயா?" என்றார் அக்கா, திரும்பாமலே.

"வண்டி எப்ப திரும்பும் அக்கா?" என்று கேட்டேன்.

"பொழுதடைய."

அதுவரை அராவினேன்.