பனியில் நடந்து வந்தது யார்

அரையாண்டுப் பரீட்சை முடிகிற அன்று எங்கள் ஹாஸ்டலில் படம் போடுவார்கள். மிஷன் ஹாஸ்டல். அக்காவும் நானும் சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போய் அங்கே தங்கிப் படித்தோம். அக்கா பத்தாவது வரை, நான் பன்னிரண்டாவது வரை. பாதிப் பிள்ளைகள் எங்களைப் போல் நெற்றியில் பொட்டு வைத்தவர்கள்தான். ஆனாலும் கிறிஸ்துமஸ் படம் என்றால் எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவோம்.

வருஷா வருஷம் ஒரே படம். வேறு படம் அவர்களிடம் இல்லை. கருப்பு வெள்ளை, ஆங்கிலம், மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக ஓடும். எங்களில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அதனால் ஹாஸ்டல் வாட்ச்மேன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று கதை சொல்வார். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அண்ணன் தம்பி இரண்டு பேர். பனி கொட்டுகிற ஊர். ஆற்றுக்கு அந்தக் கரையில் அண்ணன் வீடு, இந்தக் கரையில் தம்பி வீடு. அப்பா செய்துவிட்டுப் போன படகு ஒன்று அண்ணனிடம் இருக்கிறது. குளிர் தாங்காத ஒரு வருஷம் தம்பி யாரையும் கேட்காமல் அந்தப் படகை உடைத்து அடுப்பில் வைத்துவிடுகிறான். அதிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. வருஷங்கள் போகின்றன, இரண்டு பேருக்கும் தாடி நரைக்கிறது. கடைசியில் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆறு உறைந்து போகிறது. ஒருவன் லாந்தரைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் மேல் நடந்து வந்து கதவைத் தட்டுகிறான். கதவு திறக்கிறது. கட்டிப் பிடித்து அழுகிறார்கள். படம் முடிந்தது.

அந்த இடத்தில் வாட்ச்மேன் குரலை உயர்த்துவார். "பாத்துக்கோங்க பசங்களா, தப்பு பண்ணவன் வரான்! நடந்து வரான் பாரு! தப்பு பண்ணவன்தான் மொதல்ல வரணும். அவன் வந்தா இவன் கதவத் தொறக்கணும். அதாம் படம்!" நாங்கள் கைதட்டுவோம். அப்புறம் ஆளுக்கு ஒரு துண்டு கேக். அக்கா தன் கேக்கின் மேலிருக்கும் முந்திரியைப் பிய்த்து என்னிடம் கொடுத்துவிடுவாள், அவளுக்கு முந்திரி பிடிக்காது. அப்படித்தான் சொன்னாள், நானும் நம்பினேன்.

படம் சொன்ன சேதி என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் வழக்கமும் அதுதான். இரண்டு வீட்டுக்குச் சண்டை என்றால், தப்பு செய்த வீட்டார்தான் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வர வேண்டும். அடிபட்டவன் போய் நின்றால் சிரிப்பார்கள். வெள்ளைக்காரன் ஊரிலும் இதே சட்டம்தான் என்று எனக்கு அந்த வயதில் ஒரு திருப்தி.

அம்மா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா என்னோடு கள்ளக்குறிச்சியில் இருந்தாள். அக்கா வெள்ளிமலையில், பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை. மாமா அங்கே டீக்கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு உயிர் போனது காலை எட்டு மணிக்கு. டீக்கடைக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டபோது, இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள் என்று கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அக்கா போனும் கிடைக்கவில்லை, மாமா போனும் கிடைக்கவில்லை. விடாத மழை. மூன்று மணியானதும் பங்காளிகள் அவசரப்படுத்தினார்கள், இருட்டினால் சுடுகாட்டுக்குப் போக முடியாது, சேறு என்றார்கள். நான்கு மணிக்கு நான்தான் "சரி, எடுங்க" என்றேன்.

அக்கா வந்தபோது ஐந்தரை. வாசலைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தோம். புடவையெல்லாம் நனைந்து, முழங்கால் வரை சேறோடு வந்து நின்றாள். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வா என்றேன். சாவு வீட்டில் யாரும் சொல்வதுதான். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியது காரியத்தன்றுதான். பந்தியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, "எங்கம்மா மூஞ்சியக் கூட எனுக்குக் காட்டாம அனுப்பிச்சவ இவ!" என்று கத்தினாள். சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நான்கு வருஷம் அம்மாவுக்கு மலம் மூத்திரம் அள்ளியவள் நான். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னைக் கொலைகாரி மாதிரி நிறுத்தினாள். எனக்கு வயிறு எரிந்தது. தப்பு செய்தவள் அவள், அவள் வரட்டும் என்று இருந்தேன். முதல் பொங்கலுக்கு வருவாள் என்று நினைத்தேன். என் மகள் வயதுக்கு வந்தபோது நிச்சயம் வருவாள் என்று நினைத்தேன், பத்திரிகைகூட ஆள் வசம் கொடுத்தனுப்பினேன். மாமா மட்டும் வந்து சீரை வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு டிசம்பருக்கும் அந்தப் படத்தை நினைப்பேன். நடந்து வருகிறவனுக்கு அக்காவின் முகத்தை வைத்துப் பார்ப்பேன்.

போன மாதம் மகள் சென்னையிலிருந்து லீவில் வந்திருந்தாள். பேச்சுவாக்கில் படத்தைப் பற்றிச் சொன்னேன். உறைந்த ஆறு, படகு, அண்ணன் தம்பி என்று போனில் எதையோ தட்டினாள். கால் மணி நேரத்தில் டிவியில் படம் வந்துவிட்டது. கோடு கிடையாது, மழை கிடையாது, கீழே தமிழில் எழுத்து வேறு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து பார்த்தேன்.

லாந்தரோடு ஆற்றில் நடந்து வருகிறவன் அண்ணன்.

தாடியும் கோட்டும் குல்லாவும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கும், ஹாஸ்டலில் திரையாகக் கட்டும் வெள்ளைத் துணியில் யாரென்று தெரியாது. இதில் நன்றாகத் தெரிந்தது. அண்ணன் குல்லாவில் ஒரு பக்கம் கிழிசல். கிழிசல் குல்லாதான் நடந்து வருகிறது. கதவைத் திறந்த தம்பி, தப்பு செய்தது நானாயிற்றே, நீ ஏன் வந்தாய் என்று கேட்கிறான். தப்பு செய்தவனுக்கு வெட்கத்தில் கால் எழும்பாது, எனக்கு அந்தப் பாரம் இல்லை, அதனால் நான்தான் வர முடியும் என்கிற மாதிரி அண்ணன் ஏதோ சொல்கிறான். மகளிடம் திரும்பப் போடச் சொன்னேன். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அண்ணன்தான் வந்தான்.

வாட்ச்மேன் மேல் எனக்குக் கோபமான கோபம். மனுஷன் உயிரோடு இருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அடிபட்டவன் தானாக நடந்து போய்க் கதவைத் தட்டுவான் என்று எங்கள் பக்கத்து மனுஷன் கனவில்கூட நினைக்க மாட்டான். நடந்து வருகிறவன் தப்பு செய்தவனாகத்தான் இருப்பான் என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார்.

"அப்டின்னா நீதாம்மா பெரிம்மா வூட்டுக்குப் போவணும்" என்றாள் மகள். வாயை மூடிக்கொண்டு தட்டை எடுத்து வை என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் ஒரு கிலோ கேக் வாங்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலை ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்து, போனதும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்ததை மறைப்பானேன். அடிபட்டவள் நான், நானே போகிறேன், எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று.

அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர், தலையில் மப்ளர். தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று பார்த்தேன். வெளியிலிருந்து வந்தால் கால் கழுவுவது பழக்கம்.

"கால்லாம் கழுவ வேணாம். அப்டியே உள்ள வா" என்றாள், வெடுக்கென்று.

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். டீ கொடுத்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் படத்தில் ஆரம்பித்தேன். "அக்கா, ஹாஸ்டல்ல படம் போடுவாங்களே. அதுல நடந்து வரவன் தப்பு பண்ணவன் இல்லயாம். அண்ணங்காரனாம். வாட்ச்மேன் நம்மள நல்லா ஏமாத்திகினு இருந்திருக்காரு."

அக்கா சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "அடிப்பாவி. நான் ஒம்போது வருசமா நீ வருவ, நீ வருவன்னுல்ல பாத்துகினு இருந்தேன்."

"நானா? நான் இன்னா தப்பு பண்ணேன்?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. வந்த காரியமே மறந்துவிட்டது. "பந்தியில வச்சி என்ன அசிங்கப்படுத்துனவ நீ."

"ஆமா, கத்துனேன். கத்துனது தப்புதான். ஆனா அன்னிக்கி எப்டி வந்தேன்னு நீ ஒரு வார்த்த கேட்டியா?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மரம் உழுந்து பஸ்ஸு பாதி மலையில நின்னுபோச்சி. உங்க மாமா முட்டிவலிக்காரரு, அவர பஸ்ஸுலயே உக்கார வச்சிட்டு நான் எறங்கி நடந்தேன். அந்த மழையில கீழ வரைக்கும் நடந்தேன்டி. செருப்பு அறுந்துபோச்சி. அணகிட்ட ஒரு பால் வண்டிக்காரன் கால்ல உழாத கொறயா கேட்டு ஏறி வந்தேன். வந்தா வாசல கழுவிகினு இருக்கீங்க. நீ என்னப் பாத்து மொதல்ல இன்னா சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வா. அந்தக் காலில் இருந்தது எங்கள் தெருச் சேறு என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக இறங்கி அம்மா முகத்தைப் பார்க்க ஓடி வந்த கால் அது. எல்லாரும் அவசரப்படுத்தியபோது இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாலு நாளாகத் தூக்கம் இல்லை, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. இதை யாரிடமும் இதுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை.

ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அக்கா என்னைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவளும் மப்ளர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணவ நான்தாங்க்கா" என்றேன்.

"அப்ப வாட்ச்மேன் சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டு, கேக் வெட்டக் கத்தியைத் தேடிக்கொண்டு எழுந்து போனாள்.