நாலேகால் மணிக் கிணறு

மங்களூரில் என்னென்ன பார்க்கலாம் என்று என்னைக் கேட்டால், வண்டி நிறுத்தும் இடங்களைப் பற்றித்தான் சொல்ல முடியும். கத்ரி கோயில் சரிவில் நிறுத்தினால் பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். சுல்தான் பத்தேரியில் ஆற்றோரம் வண்டியைத் திருப்ப இடம் போதாது, பின்னாலேயே எடுத்துக்கொண்டு வரவேண்டும். பணம்பூர் கடற்கரையில் உப்புக் காற்று முன்கண்ணாடியில் படியும். துணியால் துடைத்தால் இன்னும் மோசமாகும். சோமேஸ்வரத்தில் எல்லோரும் பாறை மேல் ஏறி நின்று கடலைப் பார்ப்பார்கள். நான் அவர்களுடைய முதுகைப் பார்த்திருக்கிறேன்.

எட்டு வருஷமாக மைசூரிலிருந்து மங்களூருக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சனிக்கிழமை விடியும்போது கிளம்பி, ஹுன்சூர், மடிக்கேரி, சம்பாஜே மலைப்பாதை, சுள்யா வழியாக மத்தியானம் போய்ச் சேர்வோம். ஞாயிறு முழுக்க ஊர் பார்ப்பது. திங்கள் திரும்புவது. இத்தனை வருஷத்தில் என் கால் கடல் தண்ணீரில் பட்டதில்லை. வந்தவர்களுடைய பைகள் வண்டியில் இருக்கும், டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. அது எங்கள் டூர் ஆபீஸின் முதல் விதி.

இரண்டாவது விதி, லிஸ்ட். எந்த இடம், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் வண்டியைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. லிஸ்டில் இல்லாத தெருவுக்குள் திரும்பினால் ரெண்டு நிமிஷத்தில் ஓனர் போன் வரும்.

ஓனர் கொள்ளேகால்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். திட்டவே மாட்டார். "ஏனுங்ணா, அந்தப் பக்கம் எதுக்குங்ணா போறீங்க? வண்டிய லைனுக்குக் கொண்டாந்துருங்ணா" என்பார். அந்த அண்ணாவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினால் திருப்பித் திட்டலாம். இவரை என்ன செய்வது? போதாததற்கு, என் மகளுக்கு மங்களூரில் நர்ஸிங் சீட் கிடைக்க ஆள் பிடித்துக் கொடுத்தவரும் இவர்தான். ஐம்பத்து மூன்று வயதில் வேலையை விட்டால் வேறு வேலை கிடைக்காது. கிடைத்தாலும் விட முடியாது. சீட் வாங்கிக் கொடுத்த மனிதரிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

மகளைச் சேர்த்த மூன்றாவது வாரமே அழுகை ஆரம்பித்துவிட்டது. ஹாஸ்டலில் முதல் வருஷப் பெண்களுக்குச் சாயங்காலம் அரை மணி நேரம்தான் போன். அறையில் நாலு பேர். அவள் பாதி நேரம் அழுவாள், பாதி நேரம் மூக்கை உறிஞ்சுவாள். படுக்கைப் புண்ணைப் பார்த்து மயங்கி விழுந்தாளாம், சீனியர் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். குண்டு அரிசிச் சோறு தொண்டையில் இறங்கவில்லையாம்.

"எனக்கு பேடப்பா இது. ஆகல்ல" என்றாள். எங்கள் வீட்டில் வேண்டாம், முடியாது என்பதற்கெல்லாம் கன்னடம்தான் முதலில் வரும். என் தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். அவர் பேசிய தமிழில் பாதிதான் எனக்கு மிச்சம், என்னிடமிருந்து அவளுக்குக் கால்வாசி.

"ஒரு வருஷம் பல்லக் கடிச்சிட்டு இரு" என்றேன்.

"நீ ஞாயித்துக்கிழம இதே ஊர்லதான இருக்க? வந்து பாரு. நீ வந்தா இருக்கேன். வரல்லன்னா பஸ் ஏறிடுவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காத."

சும்மா சொல்கிற பெண் இல்லை அவள். பஸ் ஏறினால் அதோடு சரி. பாதியில் போனவளைத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். மைசூரில் ஏதாவது துணிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றுகொண்டு புடவையை விரித்துக் காட்டுவாள். நான் உட்கார்ந்தே கெட்டேன், அவள் நின்றே கெடுவாள்.

ஹாஸ்டலில் பெற்றோர் பார்க்கும் நேரம் ஞாயிறு நாலு முதல் ஐந்து. லிஸ்டில் எனக்கு மூன்றரைக்கு சுல்தான் பத்தேரி, ஐந்து மணிக்குப் பணம்பூர். ஹாஸ்டல் நடுவில் இருக்கிறது. பத்தேரியிலிருந்து பத்து நிமிஷம். மனைவியை அனுப்பலாம் என்றால், மலைப்பாதையில் மடிக்கேரி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துப் படுத்துவிடுவாள். லீவு கேட்டேன். "சீசன்ல எப்படிங்ணா? தமிழ் கெஸ்ட்டெல்லாம் உங்களத்தானுங்க கேக்கறாங்க" என்றார் ஓனர். எனக்குத் தமிழ் தெரிந்தது குற்றம்.

இரண்டு ஞாயிறு ஹாஸ்டல் தெரு முனையைத் தாண்டியே போனேன். இரண்டு தடவையும் வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன் என்று போனில் சொல்லிச் சொல்லித்தான் அவளை நிறுத்தி வைத்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு வண்டியில் ஈரோட்டுப் பக்கத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். அவர் கையில் நோட்டு. எதைப் பார்த்தாலும் வருஷம் கேட்பார். சுல்தான் பத்தேரி என்பது திப்பு காலத்துக் காவல் கோபுரம், சின்னது. ஏறி இறங்க ஏழு நிமிஷம் போதும். லிஸ்டில் முக்கால் மணி.

"இவ்வளவுதானா?" என்றார் இறங்கி வந்து. "இதுக்கா இவ்வளவு தூரம்?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்தது. "இன்னொரு இடம் இருக்கு சார். லிஸ்ட்ல போடல்ல. இந்தக் கோபுரத்துல காவல் இருந்தவங்க குதிரைக்குத் தண்ணி காட்டின கெணறு."

ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே, பலா மரத்தடியில் ஒரு பழைய கிணறு உண்டு. செம்புரைக்கல் கட்டு, மேலே இரும்புக் கம்பி வலை. மகளைச் சேர்த்த அன்று அதன் மேல்தான் அவள் பெட்டியை வைத்தேன். அதில் எந்தக் குதிரையும் தண்ணீர் குடித்ததாக எனக்குத் தெரியாது.

"அப்படியா? விடுங்க வண்டிய" என்றார் ஹெட்மாஸ்டர்.

தெருவுக்குள் திரும்பியதும் போன் வந்தது. அப்படியே பின்சீட்டுக்கு நீட்டினேன். "நாங்கதான் தம்பி கேட்டோம். சரித்திர முக்கியத்துவம் உள்ள இடத்தையெல்லாம் நீங்க ஏன் லிஸ்ட்ல போடறதில்ல?" என்று அவர் ஓனரைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க முன்னால் போன ஆட்டோவுக்குத் தேவையில்லாமல் ஹாரன் அடித்தேன்.

கிணற்றைக் காட்டிவிட்டு, எதிரில் கேட்டுக்குப் போய் மகள் பெயரைச் சொன்னேன். ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் சட்டைப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேன்ல?"

"யாருப்பா அவங்க? கெணத்துக்குள்ள என்ன பாக்கறாங்க?"

"குதிர தண்ணி குடிச்ச எடம்."

"எந்தக் குதிர?"

"திப்பு குதிர."

திரும்பி ஒருமுறை பார்த்தாள். ஹெட்மாஸ்டர் கம்பி வலை வழியாக உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சம்சாரம் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. "அப்பா, நீ பெரிய கள்ளன்" என்றாள்.

பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் நோட்டில் வருஷம் எழுத ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். வாயில் வந்த ஒரு வருஷத்தைச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும். ஓனர் போன் வந்தால் பின்சீட்டுக்கு நீட்டிவிடுவேன். நாலேகாலுக்குக் கிணறு, நாலரைக்குள் கிளம்பிவிடுவது. மகள் ஒருநாள் ஊசி போடக் கற்றதைச் சொன்னாள். ஒருநாள் நான் கொண்டுபோன தக்காளித் தொக்கைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறுகிற பேச்சை எடுக்கவில்லை. பேச்சு வளர்ந்ததெல்லாம் என் பக்கம்தான். முதலில் குதிரை மட்டும் இருந்தது. பிறகு வண்டியில் வந்தவர்கள் எத்தனை குதிரை என்று கேட்டார்கள், நாற்பது என்றேன். லாயம் எங்கே என்று ஒருவர் கேட்டார், ஹாஸ்டலைக் காட்டினேன்.

ஹெட்மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. வேறு யாரும் காட்டாத இடத்தை இவர்கள் காட்டினார்கள் என்று எங்கள் ஆபீஸைப் பற்றி இன்டர்நெட்டில் நீளமாக எழுதிவிட்டார், கிணற்றின் படத்தோடு. ஓனர் எனக்கு லட்டு கொடுத்தார். புது லிஸ்ட் அச்சடித்தார். மாலை நான்கு பதினைந்து, குதிரைக் கிணறு, பதினைந்து நிமிடம். எனக்கு மட்டும் இல்லை, மங்களூர் போகிற எல்லா டிரைவருக்கும்.

அதைப் பார்த்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இனிமேல் போன் வராது, நிம்மதியாக மகளைப் பார்க்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு முட்டாள் நான்.

மூன்றே வாரத்தில் மற்ற ஆபீஸ்காரர்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். நாலேகாலுக்கு அந்தச் சந்தில் ஆறு வண்டி. இளநீர்க்காரர் ஒருவர் கடை போட்டார். கிணறு சலித்தவர்கள் லாயத்தைப் படம் எடுத்தார்கள். லாயத்தின் மாடியில் பெண்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். ஒருவன் கேட்டுக்குள் போய் ஜன்னலடியில் நின்று செல்ஃபி எடுத்தான்.

அடுத்த ஞாயிறு கேட்டில் பூட்டு. பக்கத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. ஞாயிறு சந்திப்பு நிறுத்தப்பட்டது, இனிமேல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் மட்டும். வார்டன் அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். கன்னடத்தில் கெஞ்சினேன், என் மகள், அஞ்சு நிமிஷம் என்று.

"நீங்க டிரைவர்தானே?" என்றார் அவர் கன்னடத்தில். "எல்லாரையும் இங்க கூட்டிட்டு வர்றது நீங்கதானே? மத்தவங்க பொண்ணுங்களும் பொண்ணுங்கதானே?"

அந்த அம்மாள் மேல் கோபம்கூட வரவில்லை. பின்னால் என் வண்டியில் வந்தவர்கள் குதிரை எண்ணிக்கையைக் கேட்டுக் கூப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு மைசூரிலேயே லோக்கல் ட்யூட்டி. அரண்மனை, சாமுண்டி மலை, ஸ்ரீரங்கப்பட்டணம். ஆபீஸுக்குப் போய் ஓனரிடம் உண்மையைச் சொன்னேன். கிணறு பொய், குதிரை பொய், மகளைப் பார்க்கத்தான் போனேன், அதை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். என்னைவிடச் சின்னவரிடம்.

அவர் சிரித்தார். "கெணறு இருக்குதில்லீங்ணா? அது பொய்யில்லயே. எல்லாரும் அதத்தானுங்க கேட்டு புக் பண்றாங்க. எடுத்தா எப்படீங்ணா?"

"அப்ப செவ்வாய்க்கிழம லீவு குடுங்க."

"பாக்கலாமுங்ணா."

அவர் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எட்டு வருஷமாகத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு சாயங்காலமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் பேசுவாள் என்று நினைத்தேன். மனைவி என்னோடு பேசவில்லை. வியாழக்கிழமை மகள் போனில் பேசினாள். பின்னால் பஸ் சத்தம் இல்லை. பெண்கள் கத்துகிற சத்தம் இருந்தது.

"கெளம்பிட்டியா?" என்றேன்.

"எங்க?"

"நான் வரல்லன்னா பஸ் ஏறுவேன்னியே."

"அதா? அது அப்ப." தள்ளிப்போய்ப் பேசினாள். "எங்க பேட்ச்ச வார்டுல போட்டுட்டாங்கப்பா. ஒரு பாட்டிக்கு நான்தான் டிரெஸ்ஸிங் மாத்தறேன். இப்ப மயக்கம் வர்றதில்ல. ஞாயித்துக்கிழமகூட ரெண்டுல இருந்து எட்டு ட்யூட்டி. நீ வந்தாலும் நான் இருக்க மாட்டேன். சும்மா கேட்ல போய் நிக்காத."

"சோறு எறங்குதா?"

"எறங்குது. சீனியருங்க என்னக் குதிரன்னு கூப்பிடறாங்க. உன்னாலதான்." சிரித்தாள். "தொக்கு மட்டும் யாருகிட்டயாவது குடுத்து விடு."

அரை மணி முடியும் முன்னாலேயே அவளே வைத்துவிட்டாள். அவள் இருந்துவிடுவாள் என்று அப்போது தெரிந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய்த் தக்காளியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சேலத்துக் குடும்பம். சுல்தான் பத்தேரியில் ஏழு நிமிஷத்தில் இறங்கி வந்து, "குதிரைக் கிணறு எப்போ?" என்று கேட்டார்கள். எதிரில் கேட் பூட்டியிருந்தது. நாற்பது குதிரை என்றேன். லாயத்தை மட்டும் காட்டவில்லை, இடிந்துபோய்விட்டது என்றேன். அவர்கள் கம்பி வலைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொக்குப் பாட்டிலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு வந்தேன்.

நாலேகாலுக்கு வண்டியையும் கிணற்றையும் சேர்த்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "சூப்பருங்ணா" என்று ஓனரிடமிருந்து பதில் வந்தது. அடுத்தது பணம்பூர்.