லோகா அக்காவின் ஹெவி குக்கிங்

செய்தி வந்தபோது நான் அலுவலகப் பேன்ட்ரியில் மைக்ரோவேவ் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது லோகா அக்கா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. முந்தின நாள் வயிற்று வலி, காஸ்ட்ரிக் என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தார். "உப்புமா சாப்பிட்டேன்லா, அதான். உப்புமா தின்னா எந்த மனுஷனுக்கும் உடம்பு முடியாமத்தான் போகும்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். இப்போது அழைத்தது அவருடைய மகள் பவானி. "அம்மா போயிட்டாங்க நித்யா. ஹார்ட்டாம். காஸ்ட்ரிக் இல்லையாம்."

மைக்ரோவேவ் மணி அடித்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருடைய நீல மூடி டப்பாவை வெளியே எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, முழுவதையும் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டால் காரம் கூடுதலாகத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் சனிக்கிழமைச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: லோகநாயகி, சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் புகார் அழைப்புகளை எடுப்பவர். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையெல்லாம் யார் யாரோ திட்டுவதைக் கேட்டுவிட்டு, மதியம் எதுவுமே நடக்காதது போலப் புளியைப் பற்றிப் பேசுவார். நான் அதே நிறுவனத்தில் மென்பொருள் பிரிவில் இருக்கிறேன். திருச்சியிலிருந்து வந்தவள்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே மத்தி மீன் குழம்பைச் சுடவைத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தபடியே நறுமண ஸ்பிரேயை எடுத்து என் தலைக்கு மேல் அடித்தார். வாயை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை நான். ஆனால் புது இடம். மூலை மேசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். தன் டப்பாவைத் திறந்து என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன குழம்பு?"

"மத்தி."

"என்னுது சம்பால் பெலாச்சான், புளிக்கவெச்ச எறாலு. இன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து நாறுவோம்."

பிறகு ஸ்பிரேக்காரரிடம் திரும்பி, மிக நல்ல ஆங்கிலத்தில், லாவெண்டர் மீனுக்குப் பொருந்தாது, அடுத்த முறை எலுமிச்சை வாசனையாகப் பார்த்து வாங்கினால் குழம்புக்கு எடுப்பாக இருக்கும் என்று ஆலோசனை சொன்னார். அந்த ஸ்பிரே அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு வரவில்லை. அந்த மனிதர் சில மாதங்களில் நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். பெயர் சொல்லமாட்டேன். இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை என்றால் லிட்டில் இந்தியாவின் தேக்கா அங்காடி. கடை மாறும், மேசை மாறும், சண்டை மாறாது. சமைப்பவரின் முகம் தெரியாத இடத்தில் அக்கா உட்காரமாட்டார். ஒருமுறை என் பிடிவாதத்துக்காக ஒரு புதுப் பாணி உணவகத்துக்கு வந்தார். அங்கே தோசையைக் கருங்கல் பலகையில், ஒரு பூவோடு கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கல்லுல சுட்டாங்க சரி. அங்கேருந்து எடுக்க மறந்துட்டாங்க போல" என்றார். பரிமாறிய பெண்ணே சிரித்துவிட்டாள்.

நான் சாப்பிடும்போது கோபப்படுகிறவள். உணவங்காடியில் எழுபது வயதுக் கிழவர்கள் நம் எச்சில் தட்டை அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி விழுங்குகிறோம் என்று ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தேன். எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் மீன் தலையை என் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல தின்னு. உன் கோபம் ஆறாது, மீன் ஆறிடும்."

சாப்பிட்டு முடித்ததும் எல்லாருடைய தட்டையும் அவரே அடுக்கினார். எங்களையும் எழுப்பிவிட்டார். கொண்டுபோய் வைத்த இடத்தில் நின்ற முதியவரிடம், "அங்கிள், சாப்டாச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றார் அவர். அடுத்த நிமிடம் அவருக்கு ஒரு பிரியாணி தாப்பாவ் பொட்டலம் கட்டியாகிவிட்டது. "நீ சொன்னது சரிதான். ஆனா நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் பசியோட நிப்பாரு" என்றார் என்னிடம். பிரியாணி கொடுத்தால் அவருக்கு ஓய்வு கிடைத்துவிடுமா என்று அப்போதே கேட்டேன். "கிடைக்காது. அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கோம்" என்றார்.

இனி எங்களை உண்மையில் ஒன்றுசேர்த்த கதைக்கு வருகிறேன். அப்போது புக்கிட் மேராவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். விளம்பரத்தில் 'லைட் குக்கிங் ஒன்லி' என்று இருந்தது. வீட்டுக்காரர்கள் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் போலிருக்கிறது, எண்ணெய் குறைத்துச் சமைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல பழக்கம்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு கரண்டி எண்ணெயில், மிகுந்த கட்டுப்பாட்டோடு, வஞ்சிரக் கருவாடு வறுத்தேன். வீட்டுக்கார அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். நான் பெருமையோடு எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக் காட்டி, எவ்வளவு குறைவாக ஊற்றினேன் பாருங்கள் என்றேன். மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தேன்.

இதை லோகா அக்காவிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். "அடியே, லைட் குக்கிங்னா சுடுதண்ணி. கொஞ்சம் தைரியமா இருந்தா நூடுல்ஸ். தாளிக்கிற சத்தம் கேட்டாலே ஹெவி." சிரித்து முடித்த பிறகுதான் சொன்னார், விவாகரத்துக்குப் பின் சின்னப் பிள்ளை பவானியோடு அறை அறையாக மாறியதை. பிறந்த ஊரிலேயே அவருக்கும் அதே விதிதான். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசத்துக்குத் தாளிக்கக்கூட அனுமதி கேட்டிருக்கிறார்.

நம் தமிழ் ஆட்களின் வீட்டில் அறை எடுத்தால் எப்படி என்று கேட்டேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார். "நம்மாளுங்க லைட் குக்கிங்னு சொல்லமாட்டாங்க. 'சுத்தமா சமைப்பீங்களா'ன்னு கேப்பாங்க. அப்புறம் 'ஊர்ல எந்தப் பக்கம்'னு கேப்பாங்க. ரெண்டும் ஒரே கேள்விதான்." மற்றவன் நம் குழம்பை மட்டும்தான் மோந்து பார்க்கிறான். நம்மவன் குழம்பு வழியாக நம் தாத்தா வரைக்கும் மோந்து பார்க்கிறான். நாம் இதைப் பற்றி மேடையில் பேசுவதில்லை.

ஆகவே செங்காங்கில் அவர் சொந்த வீடு வாங்கியபோது, அவருக்கு அது வீடே இல்லை. சமையலறை மட்டும்தான். கூடத்துக்கு என்ன வண்ணம் என்று கேட்டால் "ஏதாவது அடி" என்பார். அடுப்பு மேடைக்கு மட்டும் வாரக்கணக்கில் கடைகடையாக எங்களை இழுத்துக்கொண்டு அலைந்தார். வடிவமைப்பாளர் ஒரு சீன இளைஞர். படம் காட்டினார். வெள்ளை வெளேரென்று மேடை, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்கள். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல யாரு குடியிருக்கா, எலுமிச்சம்பழமா?" என்றார். பவானி அதைப் பணிவாக மொழிபெயர்த்தாள்.

அந்த இளைஞர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "ஆன்ட்டி, லைட் குக்கிங்கா, ஹெவி குக்கிங்கா?"

இத்தனை வருடமாக உத்தரவாக மட்டுமே கேட்டிருந்த சொல்லை முதல் முறையாக ஒருவர் கேள்வியாகக் கேட்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹெவி. வெரி ஹெவி."

அப்படியானால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்கக்கூடாது, மூடிய சமையலறைதான் வேண்டும், இல்லாவிட்டால் வாசனை சோஃபாவில் ஏறிவிடும் என்றார் இளைஞர். அக்கா அசையவில்லை. சுவர் போக வேண்டும். வாசலைத் திறந்தால் அடுப்பு தெரிய வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தது போதும். சோஃபா என்ன ஆவது என்று இளைஞர் மன்றாடினார். "சோஃபா வேணாம். பிரம்பு நாற்காலி வாங்கிக்கறேன்." புகை போக்கியில் மட்டும் சமாதானம் ஆனது, அதையும் மெதுவாகவே ஓடவிடுவார். "புகை போகட்டும். வாசம் எதுக்குப் போகணும்?"

வேலை முடிந்த அன்று அந்த அடுப்பில் முதல் சமையல் யாருக்கு என்பதில் எங்களுக்குள் போட்டி இருந்தது. அக்கா எங்களைக் கூப்பிடவே இல்லை. ஓடு பதித்த இரண்டு ஊழியர்களை உட்காரவைத்தார். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். விடிவதற்கு முன் பொட்டலம் கட்டி வரும் சோற்றை மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து தின்பவர்கள். இந்த ஊரின் எல்லாச் சமையலறைகளையும் கட்டுபவர்களுக்கு ஒரு சமையலறை கிடையாது. இதை எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதிவைக்கிறேன். மேசையில் உட்காரமாட்டோம், உடுப்பெல்லாம் சிமெண்டு என்று அவர்கள் மறுத்திருக்கிறார்கள். "மேசை துடைக்கத்தானே இருக்கு" என்றாராம் அக்கா. விரால் மீன் குழம்பு. முதல் கவளத்தை எடுத்ததும் ஒருவர் சொன்னது: "அக்கா, சோறு சுடுது." குறை சொல்வது போலத்தான் இருந்ததாம். அந்த வாக்கியத்தை அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்குச் சொன்னார், ஒரு விருது வாங்கியவர் மாதிரி.

அன்றே மகளிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். "பவா, நான் இருந்தாலும் இல்லாட்டியும் இந்த வீட்டுல யாரும் யாருக்கும் லைட் குக்கிங்னு சொல்லக்கூடாது."

போன வாரம் பவானி நம் குழுவில் ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். தனியாக இருக்க முடியவில்லை, ஓர் அறையை வாடகைக்கு விடுகிறேன், தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள் என்று. பெரும்பாலோர் இதயக்குறி போட்டீர்கள். நான் கடைசி வரி வரைக்கும் படித்தேன். 'லைட் குக்கிங் ஒன்லி.'

உடனே அழைத்தேன். வழக்கம்போல மரியாதையாகப் பேசவில்லை. மறுமுனையில் மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியிலிருந்து நழுவுவது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்ட் டெம்ப்ளேட்லா. நான் படிக்கவே இல்ல. அம்மா மட்டும் இருந்திருந்தா என்னையே காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க."

ஏஜென்டை இணைப்பில் சேர்த்தாள். தமிழர். நல்ல மனிதர்தான், அதுதான் சிக்கல். "அந்த வரியை எடுத்தா நம்மாளுங்களா வருவாங்க, பரவாயில்லையா?" என்று அக்கறையோடு கேட்டார். என் வாய் திறப்பதற்குள் பவானி சொன்னாள்: "அண்ணே, அதுக்குத்தான் எங்கம்மா சுவரை இடிச்சாங்க. ஹெவி குக்கிங்னு போடுங்க. முன்னால வெரி சேத்துக்குங்க."

முதலில் வந்தவள் மதுரையிலிருந்து வந்த ஒரு மருத்துவமனைத் தாதி. நானும் அன்று அங்கே இருந்தேன். அவள் அறையைப் பார்க்கவே இல்லை. கூடத்தில் நின்று அடுப்பைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். மிகத் தணிந்த குரலில், "ரைஸ் குக்கர் மட்டும் வெச்சுக்கலாங்களா?" என்றாள்.

"கருவாடு வறுப்பீங்களா?" என்று பவானி கேட்டாள்.

அவள் பதறிவிட்டாள். "இல்லைங்க, சத்தியமா இல்லைங்க. நான் தயிர்ச்சாதம்தான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வறுங்க. எப்படி இருக்குன்னு பாத்துட்டு அக்ரிமென்ட் போடலாம்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நீல மூடி டப்பாவை எடுத்துக்கொண்டு செங்காங் போகிறேன். அவர் வீட்டு டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து யாரும் தப்பித்ததில்லை. நெத்திலித் தொக்கு என் கையால் வைத்தது, புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. உங்கள் வீடுகளிலும் அவருடைய டப்பாக்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நிரப்பிக்கொண்டு வாருங்கள். டப்பா அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடும். நான் வைத்துக்கொள்வது அவருடைய பதிலை மட்டும்தான். செங்காங் அறை மதுரைத் தாதிக்கு. எனக்கும் இந்த மாதம் வேறு அறை தேட வேண்டும். லைட்டா ஹெவியா என்ற அந்தக் கேள்வி வரும். வரட்டும், நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன்: வெரி ஹெவி.