தீயணைப்பு வண்டியும் என் கணவர் பெயரும்

அந்த ஊர்த் தீயணைப்புக் கம்பெனி முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தது நான் ரசம் தாளித்ததற்காக. இரண்டாம் தடவை வந்தது மிளகாய் வறுத்ததற்காக. மூன்றாம் தடவை அவர்களுடைய சீஃப் கோடரியைக் கீழே வண்டியிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு மாடி ஏறி வந்தார்.

"இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில், ஐசலினிலிருந்து இருபது நிமிடம் தள்ளி ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஸ்மோக் அலாரம் அடித்தால் கம்பெனிக்கும் தகவல் போய்விடும். அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டிவிட்டுத்தான் கடுகு பொரிக்க வேண்டும் என்பது ஐசலினில் இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காய் வாங்க வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லித் தொலைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கிப் போனவள், வண்டியைப் பார்த்ததும் மன்னிப்பை மறந்துவிட்டேன். எனக்கு முன்னால் பிறந்த சிவப்பு வண்டி அது. அதன் விலாவில் பம்ப்பும் பித்தளை வால்வுகளும் வட்ட வட்டமாகக் கேஜ்களும் இருந்தன. நான் கோயம்புத்தூரில் பம்ப் செட் பட்டறைக்காரர் மகள். மெக்கானிகல் என்ஜினீயரிங் படித்தவள். படிப்பு முடித்து இரண்டு வருடம் பம்ப் டெஸ்டிங்கில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது என் பாஸ்போர்ட்டில் எச்-4 என்று குத்திவிட்டார்கள். கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவள், வேலை பார்க்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். ரசம் வைக்கலாம்.

"இது டூ ஸ்டேஜ் பம்ப்பா?" என்று கேட்டேன்.

சீஃப் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிழைப்புக்கு அவர் பிளம்பர். மற்றவர்களும் அப்படித்தான், ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார், ஒருவர் நியூயார்க்கில் ஆபீஸுக்குப் போய்வந்தார். சைரன் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவரும் ஊர்க்காரர்கள். சம்பளம் கிடையாது.

"பகல்லதான் கஷ்டம். எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு இந்த ஊர்ல தீப்பிடிச்சா நானும் என் நாயும்தான்" என்றார்.

"நான் இருப்பேன். எனக்கு இந்த நாட்டுல வேலை பார்க்க பெர்மிஷன் இல்ல. நீங்க சம்பளம் தருவீங்களா?"

"ஒரு சென்ட்கூட கிடையாது."

"அப்ப சட்டப்படி சரிதான்" என்றேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "ஏம் அம்மிணி, தீயணைக்கப் போறேன்னு சொல்றயே, மாமன் போன் பண்ணிக் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"உங்க பொண்ணு மறுபடியும் பம்ப்புகிட்டப் போயிட்டாள்னு சொல்லுங்க. அப்பா சந்தோஷப்படுவாருங்க."

கம்பெனி என்னை உடனே வாரி அணைத்துக்கொண்டது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாள் போனபோது என்னைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். அங்கே மகளிர் அணி இருந்தது. தீயணைத்துவிட்டு வரும் ஆண்களுக்குக் காபியும் சாண்ட்விச்சும் கொடுப்பது அதன் பணி. அதன் தலைவியம்மாள் நல்லவர்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு சமோசா பண்ணத் தெரியுமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"தெரியும். பண்ண மாட்டேன்" என்றேன். மூன்று வருடமாக அடக்கி வைத்த கோபம் அந்த அப்பாவிப் பெண்மணியின் தலையில் விடிந்தது.

சீஃப் தலையைச் சொறிந்தார். கம்பெனி சட்டப்படி யார் சேர்ந்தாலும் ஆறு மாதம் பயிற்சி, பிறகு ஓட்டு. ஒரு மரப்பெட்டிக்குள் ஆளுக்கு ஒரு கோலிக்குண்டு போடுவார்கள். வெள்ளை என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெண்கள் யாரும் இதுவரை அந்தப் பெட்டிவரைக்கும் வந்ததில்லை. என் பேங்க் அக்கவுன்ட், லைப்ரரி கார்டு, டாக்டர் ஆபீஸ் ஃபைல் எல்லாவற்றிலும் நான் இன்னாருடைய மனைவி என்றுதான் இருந்தேன். இந்த ஒரு இடத்திலாவது நான் நானாக உள்ளே போக வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

அதற்கும் ஒரு கேடு வந்தது. தீயணைப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் கணவர் பெயர் இருந்தது. விண்ணப்பத்திலும் அதையே எழுதியிருந்தேன். ஆகவே முதல் வாரத்திலிருந்து பதினெட்டு ஆண்கள் என்னை என் கணவர் பெயர் சொல்லி விரட்டினார்கள். அவர் பெயரைச் சொல்லி ஹோஸைச் சுருட்டச் சொன்னார்கள், பூட்ஸைக் கழுவச் சொன்னார்கள். நான் ஜன்மத்தில் வாயெடுத்துக் கூப்பிட்டிராத பெயர் அது.

போதாததற்கு என் பாதுகாப்பைக் கருதி அவர் ஒரு ஸ்கேனர் ரேடியோ வாங்கி வைத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் நாங்கள் வாக்கி டாக்கியில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பார்: "ஏம் அம்மிணி, இன்னைக்கு என்னைய ரெண்டு தடவ டாய்லெட்டக் கழுவச் சொன்னாங்களே, கழுவிட்டனா?"

திருத்தியிருக்கலாம். ஆனால் பயிற்சிக்கு வந்தவள் வந்ததும் வராததுமாகப் பெயர்ப் பஞ்சாயத்து வைத்தால் எவனாவது கறுப்புக் குண்டைப் போட்டுவிடுவான் என்று பயம். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பூட்ஸ் கழுவாத நேரத்தில் எனக்கு இன்னொரு வேலை கொடுத்தார்கள். ஆண்டு விழா மலருக்குக் கம்பெனியின் வரலாற்றைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஓர் அலமாரி நிறைய மினிட்ஸ் புத்தகங்கள். ஆரம்பத்தில் அவர்களிடம் சைரன் இல்லை. ரயில் சக்கரத்தின் இரும்பு வளையம் ஒன்றை மரத்தில் கட்டிச் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள். வண்டியும் இல்லை, ஹோஸ் சுற்றிய இரண்டு சக்கர வண்டியைக் கையால் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். முதல் மோட்டார் வண்டி, பழைய பால் லாரி ஒன்றில் பம்ப்பை ஏற்றி அவர்களே செய்தது. ஒரு வருடம் எல்லாரும் சீருடை போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் ஊர்வலத்துக்குப் போன நேரத்தில் இவர்களுடைய ஸ்டேஷனே எரிந்துபோயிருக்கிறது. செயலாளர் அதைக் கடைசி வரியில், விழா இனிதே முடிந்தது என்பதற்குக் கீழே எழுதியிருந்தார்.

இன்னொரு பக்கத்தில் இது கிடைத்தது. ஆண்கள் எல்லாம் ஃபாக்டரிக்குப் போயிருந்த ஒரு பகலில் ஒரு வைக்கோல் கொட்டகை பற்றிக்கொண்டது. ஊர்ப் பெண்கள் ஹோஸ் வண்டியை இழுத்துப் போய்த் தீயை அணைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டிருந்தது. அடுத்த வரியில் அவர்கள் கொண்டுவந்த சாண்ட்விச்சுக்கும் தனியாக நன்றி. நான் அதைச் சமையலறையில் உரக்கப் படித்தேன். தலைவியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

ஓட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது வண்டி மக்கர் பண்ணியது. வருடத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வந்து பம்ப்பைச் சோதிப்பார். குளத்திலிருந்து அது தண்ணீரை உறிஞ்சியாக வேண்டும். சனிக்கிழமை சோதனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்தால் பம்ப் கத்துகிறதே தவிர ஒரு சொட்டு ஏறவில்லை. எங்கோ காற்றை இழுக்கிறது. சோதனையில் தோற்றால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் ஸ்பேனரோடு கவிழ்ந்து கிடந்தார்கள்.

கோயம்புத்தூரில் தோட்டத்துக் கிணற்று மோட்டார் இப்படிப் படுத்துக்கொண்டால் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள், ஓட்டை அடைபட்டுவிடும். நான் பழக்க தோஷத்தில், "பக்கத்துல எங்கயாவது மாடு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். காரணத்தைச் சொன்ன பிறகு நெடுநேரம் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போய் சாமி அலமாரியிலிருந்து ஊதுபத்திக் கட்டையும் விளக்குத்திரியையும் எடுத்துவந்தேன். எல்லா வால்வையும் மூடிவிட்டு, பம்ப்புக்குள் இருந்த காற்றை உறிஞ்சி வெளியேற்றச் சொன்னேன். ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் காட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தேன். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை உள்ளே போகும். பட்டறையில் படிக்காத பையன்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

நிமிர்ந்து பார்த்தால் பதினெட்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். காபி கொண்டுவந்திருந்த தலைவியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். பஸ் டிரைவர் கண்ணை மூடியிருந்தார்.

அடியில், மிச்சத் தண்ணீரை வடிக்கும் ஒரு சின்ன வால்வின் மரையில் புகை சர்ரென்று உள்ளே போனது. வால்வைக் கழற்றி, மரையில் விளக்குத்திரியைக் கிரீஸில் தோய்த்துச் சுற்றி, திரும்ப முறுக்கினேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் பம்ப் முதல் இழுப்பிலேயே குளத்துத் தண்ணீரைக் கக்கியது.

சீஃப் என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "உன் பிரேயர் பலிச்சிடுச்சு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாலு வருடப் படிப்பும் இரண்டு வருட வேலையும் கடைசியில் சாமி கணக்கில் போய்ச் சேர்ந்தன. "பிரேயர் இல்ல, ஃபிசிக்ஸ்!" என்று அந்தக் குளக்கரையில் கத்தினேன். அவர் கையில் ஒரு ஊதுபத்தியைத் திணித்து, அந்த வால்வைத் தளர்த்திக் காட்டினேன். புகை உள்ளே போனது. முறுக்கினேன், நின்றது. மறுபடி தளர்த்தினேன். பிளம்பர் அல்லவா, மூன்றாவது தடவையில் முகம் மாறியது.

"இருபத்தஞ்சு வருஷமா குழாயோட மாரடிக்கிறேன், இது எனக்குத் தோணலயே" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டு, "எல்லாரும் தொப்பியப் போட்டுட்டு இங்க வந்து பாருங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஓட்டு. நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் குண்டுகள் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. கல்லூரி ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. கதவு திறந்து சீஃப் பெட்டியோடு வந்து அதை என் முன்னால் கவிழ்த்தார். மேஜை முழுக்க வெள்ளை உருண்டோடியது.

கூடவே ஒரு ஃபாரம். தீயணைப்புக் கோட்டின் முதுகில் பெயர் தைக்க வேண்டும். என் கணவர் பெயரை அவரே எழுதி வைத்திருந்தார்.

"இது என் பேர் இல்ல. என் ஹஸ்பண்டோட பேர்" என்றேன்.

"அவர் ஃபேமிலி பேருன்னு தெரியும்."

"ஃபேமிலி பேர் இல்ல. அவங்கம்மா அவருக்கு வச்ச பேர்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா அந்த மனுஷனத்தான் டாய்லெட் கழுவச் சொன்னோமா? ஏன் நீ சொல்லல?"

"மெம்பர் ஆகட்டும்னு இருந்தேன்" என்றேன். பிறகு என் பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். அது கோட்டின் இந்தக் கையிலிருந்து அந்தக் கைவரைக்கும் வந்தது.

அடுத்த மாதம் ஒரு வேலை நாளில் முற்பகல் சைரன் அடித்தது. ரயில் பாதை ஓரம் காய்ந்த புல் பற்றிக்கொண்டிருந்தது. சீஃப் ஹோஸின் முனையைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் போனார். நான் வண்டியில் பம்ப்புக்குப் பக்கத்தில் நின்றேன். ரேடியோவில் அவர் யாரையோ கூப்பிட்டார். நான் காத்திருந்தேன். மறுபடி கூப்பிட்டார், மூச்சு வாங்க, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத் தடுமாறி. அப்போதுதான் அது என் பெயர் என்று உறைத்தது.

"தண்ணியத் திற!" என்றார்.

திறந்தேன். புகையே வராத பக்கம் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அமெரிக்கா வந்த மூன்றரை வருடத்தில் என் பெயரைச் சொல்லி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் வேலை அது.