இடுப்பில் சூடேறிய போத்தல்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு சிவப்புப் பசு இருந்தது. காலையில் அவிழ்த்துவிட்டால் தானே முகத்துவாரம் வரை நடந்துபோய், ஆற்றங்கரைப் புல்லை மேய்ந்துவிட்டுப் பின்னேரம் தானே திரும்பிவரும். சண்டைக் காலம் அது. எங்கள் எல்லாரையும் மறித்து அடையாள அட்டை கேட்பார்கள்; அந்தப் பசுவை மட்டும் யாரும் மறிப்பதில்லை.

அதை வளர்த்தவள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். புருஷன் இல்லை. அந்தப் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

பசு நாலாவது கன்று போட்டது. எங்கள் ஒழுங்கையில் மாடு கன்று போட்டால், கடும்புப் பால் எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். மஞ்சளாய்த் தடித்த அந்த முதல் பாலைச் சர்க்கரை போட்டு அவித்தால் கட்டியாகும். பாத்திரத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு பிடி அரிசியாவது போட்டுக் கொடுப்போம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. எதையும் சரியாகச் சாப்பிடாத பிள்ளை, கடும்பை மட்டும் கேட்டு வாங்கித் தின்றாள். அதனால் பின்னேரம் இன்னொரு கிண்ணத்தோடு நானே போய் நின்றேன். பசுக்காரி முகம் சுளிக்காமல் மறுபடியும் பசுவின் மடியில் கை வைத்தாள்.

மறுநாள் பசு எழும்பவில்லை.

சனிக்கிழமை என்பதால் எனக்குக் கந்தோர் வேலை இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கிடந்தது. காதைத் தொட்டேன், பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் அதற்குள் வந்து, பசுவின் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.

"நேற்று எவ்வளவு கறந்தனீ, பிள்ளை?"

"பூராவும் கறந்தேங்க ஐயா. ஒம்பது வீட்டுக்குக் குடுக்கணும்ல."

"நல்ல வேலை. மாட்டின்ர எலும்பையே கறந்து ஊருக்குப் பங்கிட்டிருக்கிறாய்."

கன்று போட்டதும் இரத்தத்தில் உள்ள கல்சியம் எல்லாம் பாலுக்குப் போய்விடுமாம். வெறும் புல் அதை ஈடுசெய்யாது. எலும்பிலிருந்து வந்து சேரவும் நாளெடுக்கும். முதல் இரண்டு மூன்று நாள் மடியில் பாதியை விட்டுக் கறக்க வேண்டும். ஒட்டக் கறந்தால் கால் விழும், பிறகு இதயம் நிற்கும். வைத்தியர் அவளுக்குத்தான் சொன்னார். நான் என் கிண்ணத்தை நினைத்தபடி நின்றேன்.

"கல்சியம் ஏத்தினா எழும்பும். என்னட்ட இருந்தது முடிஞ்சுது. ஆத்துக்கு அங்கால பேலியகொடை மருந்துக் கடையில கிடைக்கும், மத்தியானத்துக்கு முன்னம் வேணும். நான் இஞ்ச நிண்டு மாடு சரியாமப் பார்க்கோணும். சரிஞ்சா வயிறு ஊதிச் செத்துப்போம்."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு ஐடி இன்னும் வரலியேக்கா. பாலத்துச் சோதனையில புடிச்சு வச்சுக்குவாங்க."

"நான் போறன்," என்றேன்.

வைத்தியர் துண்டு எழுதித் தந்தார். "குளிரா ஏத்தக் கூடாது. உடம்புச் சூட்டில இருக்கோணும்."

அந்தக் கடை குளிரூட்டப்பட்டிருந்தது. கண்ணாடிப் போத்தல் சில்லென்று கைக்கு வந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும் நேரமெல்லாம் அவளுடைய பால் போத்தலை ஆறாமல் இருக்க இடுப்பில் செருகிக்கொள்வேன். பழக்கம் கையிலேயே இருந்தது. போத்தலையும் றப்பர் குழாயையும் இடுப்பில் செருகிச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

திரும்பும் வழியில், பாலத்தடியில் சோதனைக்காக எல்லாரும் பஸ்ஸைவிட்டு இறங்கினோம். பெண்களின் வரிசையில் பொலிஸ்காரி என் இடுப்பைத் தடவினாள். அவள் கை நின்றது. மறுகணம் பின்னால் பாய்ந்து, குண்டு என்று கத்தினாள். வரிசை கலைந்தது. இரண்டு துவக்குகள் என்னை நோக்கி நிமிர்ந்தன.

கைகளை உயர்த்தினேன். மீன்காரனோடு தினமும் பேரம் பேசிய சிங்களம் ஒரு சொல்கூட வரவில்லை. பிள்ளை காலையில் சாப்பிட்டாளா என்று கேட்காமல் வந்துவிட்டேனே என்பதுதான் நினைவுக்கு வந்தது. கடைசியில், "எளதென... எளதெனட்ட பெஹெத்," என்றேன். பசு, பசுவுக்கு மருந்து.

அந்தப் பொலிஸ்காரியே மெல்ல நெருங்கி, இரண்டு விரலால் தலைப்பை விலக்கிப் போத்தலை எடுத்தாள். லேபலில் மாட்டுப் படம் இருந்தது. கைப்பையிலிருந்த துண்டையும் வாசித்தாள். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டாள். சூடாக இருக்கவேண்டும் என்றேன்.

"பிஸ்ஸுத அக்கே?" உனக்கென்ன பைத்தியமா அக்கா என்றாள். இருபத்திரண்டு வயதுகூட இராது. போத்தலைத் திருப்பித் தந்தாள். எல்லாருக்கும் தெரியக் கையில் பிடித்துக்கொண்டு போகச் சொன்னாள்.

போத்தல் நன்றாகச் சூடேறியிருந்தது.

வைத்தியர் பசுவின் கழுத்து நரம்பில் துளித் துளியாக, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு ஏற்றினார். முக்கால் போத்தல் இறங்கியபோது பசுவின் தோல் நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணம் போட்டது. பிறகு பின்னங்கால்களை ஊன்றித் தள்ளாடி எழுந்து, கன்றைத் தேடியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வாசல்படியில் இருந்துவிட்டேன். பாலத்தில் நடந்ததை அன்று அவளிடம் மட்டும் சொன்னேன்; என் வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஒரு வீட்டுக்கும் பால் போகவில்லை. பாதியை மடியிலேயே விட்டுக் கறந்தாள். கன்று குடித்தது போக மிஞ்சியதை ஒரு தம்ளரில் அவித்து, வாழையிலைத் துண்டால் மூடி என்னிடம் கொண்டுவந்தாள்.

"இது பாப்பாவுக்கு இல்லக்கா. அந்தப் பொலிஸ் புள்ளைக்கு. சுடாம விட்டுச்சே. நீங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

சரி என்று வாங்கிக்கொண்டேன். சேலை மாற்றினேன். பஸ் தரிப்பு வரை போனேன். பாலத்துப் பஸ் வந்தது, நின்றது, போனது. தம்ளரைக் கையில் எல்லாருக்கும் தெரியப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இருந்தும் என் கால் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து அதை மகளுக்குக் கொடுத்தேன். அவள் வழித்துத் தின்றாள். கழுவிய தம்ளரில் அரிசி நிரப்பிப் பசுக்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சாக்கா?" என்று கேட்டாள்.

ஓம் என்று சொன்னேன்.