வெளித்திடலில் நான் விட்ட கோல்கள்

தூரப் பயணம் ஆட்டக்காரனைக் கெடுக்குமா என்று கேட்டால், கெடுக்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி சொன்ன காரணத்துக்காக அல்ல. அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். கூடவே வெட்கமும் வரும், ஏனென்றால் உண்மையான காரணம் நான்தான்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எங்கள் ரப்பர் தோட்டம் குருணுக்குப் பக்கத்தில் இருந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே நடமாடினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று கேட்டில் சோதனை வேறு. ஒரு பிடி சோறோ ஒரு துண்டு மீனோ வேலியைத் தாண்ட முடியாது. இத்தனை கெடுபிடிக்குள்ளும் எங்களுக்கு ஒரு காற்பந்துக் குழு இருந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு அந்த விளையாட்டில் பைத்தியம், அதனால் பிழைத்தோம்.

கோத்தா கோலா மூடாவுக்குப் போகிற சாலையில், இருபது மைல்கூட இல்லாத தூரத்தில் இருந்த இன்னொரு தோட்டத்தோடு மட்டும் ஆட்டம். ஒரு மாதம் அவர்கள் இங்கே வருவார்கள், மறுமாதம் நாங்கள் அங்கே போவோம். தோட்டத்து லோரியில், துப்பாக்கி பிடித்த இரண்டு எஸ்.சி., அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள், காவலோடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்புவோம். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சோதிப்பார்கள். அவர்கள் வேலிக்குள் இருந்த திடலில் போய் இறங்கியதும் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் லோரி. ஆறு மணிக்குள் எங்கள் வேலிக்குள் இருந்தாக வேண்டும்.

அந்தத் தோட்டத்தில்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அம்மா தவறியபோது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டவள், தலை வாரிவிட்டவள், முதுகில் நாலு போட்டவள் எல்லாம் அவள்தான். பஸ்ஸில் போனால் வழிச் சோதனையெல்லாம் முடிந்து ஆறு மணிக்குள் திரும்ப முடியாது. இரவு தங்க அனுமதி கேட்டால் ஆயிரம் கேள்வி. ஆகவே அக்காவைப் பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி அந்த லோரி.

முதலில் நான் இடது பக்க விங்கில் ஆடினேன். அங்கே ஆடிய முதல் ஆட்டத்திலேயே அக்கா கோட்டோரம் வந்து நின்றாள். பந்தோடு ஓடும்போது, "சாப்ட்டியாடா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நான் திரும்பி ஓடிவர வேண்டியிருந்தது. "இல்லக்கா" என்றேன். மறுபடி ஓடும்போது, "ஏன்டா?" என்றாள். இப்படி ஓர் ஆட்டம் முழுக்க ஓடி ஓடி நாங்கள் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது. மறுவாரமே குழுவைக் கவனித்துக்கொண்ட கிராணியிடம் போய், எனக்குக் கோல்கீப்பராக நிற்க ஆசை என்றேன். ஒரே இடத்தில் நிற்கிறவன் அவன் ஒருவன்தானே.

நான் நல்ல கோல்கீப்பர். தற்பெருமை இல்லை, எங்கள் திடலில் என்னைத் தாண்டிப் பந்து உள்ளே போவது அபூர்வம். ஆனால் அங்கே போனால் அக்கா என் கோல்கம்பத்துக்குப் பின்னால், இடுப்பில் கைக்குழந்தையும் கையில் தட்டுமாக வந்து நின்றுவிடுவாள். தம்பி வந்து வெறும் வயிற்றோடு திரும்பினான் என்ற பேச்சு அவளுக்கு ஆகாது. கட்டிக் கொடுத்தாலும் கேட்டில் பிடுங்கிவிடுவார்கள். அதனால் மூடா ஆற்றுமுகத்து மீனைப் பொரித்து, முள்ளெடுத்து, வலை வழியாக என் வாயிலேயே ஊட்டுவாள். அப்பாவின் இருமல், பக்கத்து வீட்டுச் சண்டை, குழந்தைக்குப் பல் முளைத்தது என்று நடுநடுவே பேச்சு. இடைவேளையில் பக்கம் மாறினால் அவளும் தட்டோடு பக்கம் மாறுவாள். ஒரு முறை எதிராளி அடித்த பந்து மெதுவாக உருண்டு வந்து என் காலுக்கிடையில் போனது. அப்போது என் வாய் நிறைய மீன்.

இங்கே நாங்கள் ஜெயிப்பதும் அங்கே தோற்பதும் வழக்கமாகிவிட்டது. கிராணி குழம்பிப்போனார். ஆபீசுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர் அவர். கடல் தாண்டிப் போகிற வெளிநாட்டுக் குழுக்கள் ஏன் தோற்கின்றன என்று அதில் எதையோ படித்திருக்கிறார். ஒரு நாள் எங்களை ஆபீஸ் வாசலில் நிற்கவைத்து விளக்கினார்.

"இங்க விடியும்போது அங்க ராத்திரி. ஒடம்புக்கு ஒரு கடியாரம் இருக்கு. தூரமா போனா அது கொழம்பிடும். தூக்கம் கெட்டு, கால் ஓடாது. நம்மளுக்கும் அதான்லா நடக்குது."

எங்கள் தடுப்பாட்டக்காரர், எனக்கு முன்னால் நின்று ஆடுகிறவர், நாங்கள் அண்ணே என்று கூப்பிடுகிறவர், கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"கிராணி ஐயா, கோலா மூடாவுல பொழுது எத்தன மணிக்குங்க விடியும்?"

குழுவே சிரித்துவிட்டது. ஆனால் கிராணி தம் கருத்தை விடவில்லை. அவர்களும்தானே இங்கே வந்து தோற்கிறார்கள், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். அந்தக் குழுவின் முன்னாட்டக்காரனுக்கு எங்கள் மூன்றாவது லயத்தில் பெண் நிச்சயம் ஆகியிருந்தது, அவன் இங்கே வந்தால் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிராணியின் வைத்தியம் தொடங்கியது. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கே எல்லாரும் படுத்துவிட வேண்டும். லோரியில் உட்காரக்கூடாது, குலுக்கல் வயிற்றைக் கலக்கும், நின்றுகொண்டே வர வேண்டும். கிளம்புமுன் எலுமிச்சம்பழச் சாறு மட்டும். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், எங்கள் கதையில் ஆடத் தெரிந்தவர்களெல்லாம் கூடத்தை நிமிர்த்தப் பாடுபட்டார்கள். பத்துப் பேர் பசியோடு நின்றுகொண்டே வருவார்கள். நான் மட்டும் போய் மீன் தின்பேன். குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், அக்காவைக் கண்டதும் அது பறந்துவிடும்.

கடைசியில் துரை கிராணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பெட்ரோலும் இரண்டு எஸ்.சி.யும் தோற்பதற்காக அனுப்ப முடியாது. இன்னொரு முறை அங்கே தோற்றால் லோரி கிடையாது, வேண்டுமானால் அவர்கள் மட்டும் இங்கே வரட்டும். மற்றவர்களுக்கு அது மானப் பிரச்சினை. எனக்கோ அக்காவைப் பார்க்கும் வழியே அடைபடும். அன்றைக்குச் சாயங்காலம் தடுப்பாட்டக்கார அண்ணனைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்ட பூனை மாதிரி, யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்டா," என்றார் அவர். "முன்னால நிக்கிறவனுக்கு மீன் வாசம் வராதா?"

"ஏண்ணே சொல்லல?"

"அக்கா கையால தின்றான், தின்னட்டும்னு விட்டேன். ஆனா இந்த வாட்டி நீயே சொல்லிடு தம்பி."

அந்த ஞாயிறு லோரியை விட்டு இறங்கியதும், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னேன். "இன்னைக்குத் தோத்தா லோரிய நிப்பாட்டிடுவாங்கக்கா. அப்புறம் நா வரமுடியாது."

அவள் தட்டை முந்தானையால் மூடினாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு திடலைச் சுற்றி நடந்து, எதிர்க்கோலுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவ்வளவு தூரத்தில் அவளுடைய மஞ்சள் சேலை மட்டும்தான் தெரிந்தது. நான் பந்தைப் பார்த்தேன். வேறு வேலை இல்லாதவன் பார்ப்பதுபோல் பார்த்தேன். இடைவேளையில் பக்கம் மாறினோம். நான் இந்தக் கோட்டோரமாக நடக்க, அவள் எதிர்ப்பக்கமாக வந்தாள். நடுத்திடலில் என் பக்கமே திரும்பவில்லை. குழந்தை மட்டும் தோள் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்துவிட்டோம். கிராணி துள்ளிக் குதித்தார். எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று எஸ்.சி.யிடம் விளக்கினார். லோரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஓடிவந்து, பலகை மேல் ஏறி நின்ற என்னை எட்டி, ஒரு துண்டு மீனை வாயில் திணித்தாள்.

"பேசுறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். போ," என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

அந்த அப்புறம் சுலபத்தில் வரவில்லை. தோற்றால் லோரி இல்லை என்ற பேச்சைத் துரை திரும்பப் பெறவே இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் ஜெயிக்க வேண்டியிருந்தது, குறைந்தது தோற்காமலாவது இருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா குழந்தையோடு தானாகவே எதிர்க்கோலுக்கு நடந்தாள். அவளைப் பார்ப்பதற்காகவே நான் போனேன். பார்க்கக்கூடாது என்பதற்காகவே அவள் தூரப் போனாள். ஹாரன் சத்தத்தில் ஒரு வாய் மீன், ஒரு வார்த்தை, அவ்வளவுதான். திரும்பும் வழியில் எல்லாரும் பாடுவார்கள். நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அவர் பார்க்காததுபோல் இன்னும் சத்தமாகப் பாடுவார்.

இரண்டு வருஷம் போல அப்படியே போனது. பிறகு அந்தப் பக்கமெல்லாம் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். ஊரடங்கு போனது, சோதனை போனது. முதல் ஞாயிறே குருணில் பஸ் ஏறினேன். பையில் அரிசி முறுக்கு வைத்திருந்தேன். யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை.

அக்கா வாசலிலேயே என்னை நிறுத்தி, கன்னத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாய் விரித்து, சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்தாள். மூன்று வயதாகியிருந்த அவள் மகள் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். வா என்று கூப்பிட்டேன். வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"ம்மா, மாமா இங்க வரக்கூடாதுல்ல? அந்தப் பக்கம்தான நிக்கணும்?"