மதுரை எண்ணில் வந்த அடையாறு மாப்பிள்ளை

வறுத்த காபிக்கொட்டை வாசமும் பெட்ரோல் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறும்போதெல்லாம், தீபாவளித் துணி எடுக்க வந்து, பாண்டி பஜாரை ஒட்டிய எங்கள் சந்தில் நெருக்கியடித்து நிற்கும் "வெளியூர் வண்டிகள்"தான் எனக்கு நினைவுக்கு வரும். தொண்ணூறுகளில் நானும் எதிர்வீட்டு ஆயிஷாவும் மாடி பால்கனியில் தொங்கிக்கொண்டு, நம்பர் பிளேட்டைப் பார்த்தே ஊரைச் சொல்லுவோம். கே.எல். என்றால் கேரளா, கே.ஏ. என்றால் கர்நாடகா என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடலாம்; டி.என்.னுக்குப் பக்கத்து எண்ணைப் பார்த்து, முப்பத்தேழா, கோயம்புத்தூர், நாற்பத்தைந்தா, திருச்சி, ஏழா, நம்ம அடையாறு என்று முந்திக்கொண்டு கத்துவதில்தான் எங்கள் கெட்டிக்காரத்தனம் இருந்தது. "படிப்புல இந்த வேகம் இருந்தா எங்கேயோ போயிடுவேள்" என்பாள் அம்மா.

அப்படி ஒரு வருஷம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வேற்றூர் போகமாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றதால், பையனுக்கு வீடு அடையாறில்தான் என்று வரனைக் கொண்டுவந்த அத்தை அடித்துச் சொல்லியிருந்தாள். வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நாங்கள் இருவரும், "அம்பத்தொம்போது, மதுரை" என்று கத்திவிட்டோம். உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்த அக்காவின் காதிலும் அது விழுந்துவிட்டது.

காபி டம்ளரை நீட்டிய கையோடு அக்கா மாப்பிள்ளையையே கேட்டாள்: "உங்களுக்கு வேலை எந்த ஊர்ல?"

அத்தையின் முகம் தொங்கிப்போயிற்று. அவரோ அலட்டிக்கொள்ளாமல், "மதுரையில. அப்பா அம்மாதான் அடையாறு. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார்.

அக்கா சிரித்தேவிட்டாள். "டிரான்ஸ்பர் வாங்கிண்டு வாங்கோ, பேசலாம்" என்றாள்.

இப்படியும் ஒரு பெண் பேசுவாளா என்று அத்தை நாலு நாள் அங்கலாய்த்தாள். அக்கா சிரித்ததை நான் பார்த்திருந்ததால், அவருக்கு டிரான்ஸ்பர் கிடைக்கவேண்டுமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் புது ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஆயிஷா என்னைக் கிள்ளி, "ஏய், ஏழுடி" என்றாள். வந்தவர் அந்த மதுரைக்காரரேதான்; அண்ணாந்து பார்த்து, "உங்க அக்கா காதுல விழற மாதிரி சொல்லுங்கோ" என்றார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கத்தியதில்லை.

இன்று அந்தச் சந்தில் எங்கள் பால்கனியும் இல்லை, நின்று எண் படிக்கும் பிள்ளைகளும் இல்லை. போன மாதம் அக்காவின் பெண்ணைப் பெண் பார்க்க வந்த பையனின் காரில் பி.எச். என்று, நாடு முழுவதற்கும் பொதுவான புதுவகை எண். ஊரென்ன, மாநிலம்கூடத் தெரியவில்லை. "இதை வெச்சுண்டு என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?" என்று நான் வாசலிலேயே அலுத்துக்கொண்டேன்.

"உள்ள வந்து பாரு" என்றாள் அக்கா. "என் பொண்ணு அவனையே கேட்டுண்டிருக்கா."